கோடநாடு காட்சிமுனையிலிருந்து மாயாறு பள்ளத்தாக்கு: ஆழம் தெரிகிற மாதிரி எடுப்பது எப்படி?

கொடிவேரி:

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் படம் எடுத்துப் பழகியவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

எங்கள் அப்பாவுக்குக் கீழ்பவானிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. காலையில் பேப்பர் வந்ததும் அணையில் எத்தனை அடி நிற்கிறது, வாய்க்காலில் தண்ணீர் விட்டார்களா என்பதைத்தான் முதலில் தேடுவார். அந்தத் தண்ணீர் வருகிற பாதையை மேலேயிருந்து படமாக எடுத்து, புது வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. கோடநாடு காட்சிமுனைதான் அதற்குச் சரியான இடம் என்று நினைக்கிறேன். கீழே மாயாறு, அதன் கரையில் தெங்குமரகடா வயல், கிழக்கே பவானிசாகர் நீர்த்தேக்கம் எல்லாம் அங்கிருந்து தெரிகிறது.

என்னிடம் இருப்பது கேனன் 200டி, கூடவே வந்த 18-55 லென்ஸ். ஏப்ரல் மாதம் ஒரு பகல் பதினோரு மணி வாக்கில் அங்கே போய் எடுத்தேன். கண்ணால் பார்த்தபோது அடிவயிறு கூசுகிற ஆழம். படத்தில் அந்த ஆழம் துளியும் இல்லை. மலை, காடு, வானம் எல்லாம் ஒரே நீலச்சாம்பலாகத் தட்டையாக இருக்கிறது. ஆறு எங்கே என்று விரல் வைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அணை இருக்கிற திசையில் வெறும் வெள்ளைதான்.

பளபளப்பைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டுகிற போலரைசர் ஃபில்டர் போட்டால் இந்த மங்கல் போகுமா? 10-18 வைடு லென்ஸ் வாங்கினால் ஆற்றிலிருந்து அணை வரை ஒரே படத்தில் வருமா? எந்த மாதம், எந்த நேரம் நல்லது? மறுபடி போகும்போது அப்பாவும் கூட வருவார். அவருக்கு முழங்கால் வலி உண்டு, அதிகம் படி ஏற முடியாது.

கட்டபெட்டு:

வாங்கம்மா. நான் கோத்தகிரியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். தொழில் கல்யாணமும் காதுகுத்தும்தான் என்றாலும் மனசு அந்த மாயாற்றுப் பக்கம்தான் இருக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் கேட்டதில் ஃபில்டரும் லென்ஸும் கடைசி. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

காட்சிமுனைக் கம்பி ஓரம் நின்றால் உங்கள் முகம் வடக்கே இருக்கும். தெங்குமரகடா ஏறத்தாழ நேர் வடக்கு, நேர்கோட்டில் ஆறேழு கிலோமீட்டர். எதிரே தலமலை, சத்தியமங்கலம் பக்கத்து மலைகள். பவானிசாகர் கிழக்கே, அணைக்கட்டு வரை இருபது கிலோமீட்டருக்கு மேல் போகும். படம் எடுப்பவர்களுக்கு வடக்கு பார்த்த காட்சிமுனை கிடைப்பது பெரிய வரம். கொழுக்குமலை மாதிரி கிழக்கு பார்த்த இடங்களில் காலைச் சூரியன் நேராக லென்ஸுக்குள் விழும், கீழே இருக்கிற நிலம் கருத்துப் போகும். இங்கே காலையில் வலது பக்கத்திலிருந்தும் மாலையில் இடது பக்கத்திலிருந்தும் வெளிச்சம் குறுக்கே வரும். மலையின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல். படத்தில் ஆழத்தைக் காட்டுவது அந்த நிழல்தான். கல்யாணத்தில் ஃபிளாஷை நேராக முகத்தில் அடித்தால் மூக்கே தெரியாமல் தட்டையாகிவிடும், பக்கத்தில் வைத்து அடித்தால் முகம் எழுந்து வரும் அல்லவா, பள்ளத்தாக்குக்கும் அதே கணக்குதான். ஏப்ரல் பதினோரு மணிக்குச் சூரியன் ஏறக்குறைய உச்சிக்கு வந்திருக்கும். மடிப்புகளில் நிழலே இருந்திருக்காது. லட்ச ரூபாய் லென்ஸ் இருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்.

அடுத்தது மாதம். கோத்தகிரி நீலகிரியின் கிழக்கு விளிம்பு. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்கு மழை கொட்டும்போது எங்களுக்குச் சாரலும் காற்றும்தான். எங்கள் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். கீழே மாயாற்றுப் பள்ளம் இன்னும் வறண்ட மழைமறைவுப் பகுதி, பெரும்பாலும் முள்காடு. பிப்ரவரி பிறந்தால் இலை உதிர்ந்து பழுப்பேறிவிடும். தூசியும் காட்டுத்தீப் புகையும் காற்றில் நிற்கும். ஏப்ரலில் அணைப்பக்கம் வெள்ளையாகப் போனதற்குக் காரணம் இதுதான்.

நீங்கள் பார்க்க வேண்டியது நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதி வரை. அதிலும் ஒரு சுற்று மழை பெய்து வெறித்த மறுநாள் காலை. தூசியெல்லாம் மழையோடு இறங்கிவிடும், கீழே காடும் பச்சையாக இருக்கும். அந்தக் காலையில் அணைத் தண்ணீரின் விளிம்பு வரை கோடு போட்டது மாதிரி தெரியும். இரண்டு மூன்று நாள் வெயில் அடித்தால் மங்கல் மறுபடி சேர ஆரம்பித்துவிடும். ஆகவே லீவு கிடைத்த தேதிக்குப் போகாதீர்கள், மழை விட்ட தேதிக்குப் போங்கள். ஈரோட்டுப் பக்கம்தானே, முந்தின நாள் முடிவு செய்தாலும் வந்துவிடலாம்.

குளிர்காலத்தில் இன்னொன்றும் நடக்கும். வானம் தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்துக்குள் இறங்கித் தேங்கும். விடியும்போது ஆற்றோரத்திலும் நீர்த்தேக்கத்தின் மேலும் பனி படுத்திருக்கும். அதைப் பார்த்து, எல்லாம் மூடிக்கிடக்கிறதே என்று திரும்பிவிட வேண்டாம். வெயில் பட்டதும் அது கலைந்து ஆறு துண்டு துண்டாக வெளியே வரும், நல்ல படம் அப்போதுதான் இருக்கிறது. ஆனால் வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, காற்று மேல்நோக்கி வீச ஆரம்பிக்கும். அந்த ஈரம் மேகமாக ஏறி, ஒன்பது பத்து மணிக்குக் காட்சிமுனையையே மூடிவிடுகிற நாட்களும் உண்டு. அதனால் முந்தின இரவு கோத்தகிரியிலேயே தங்குங்கள். அங்கிருந்து கோடநாடு பதினெட்டு கிலோமீட்டர்தான், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து போகிற ரோடு. வாசல் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று முந்தின நாளே விசாரித்துவிடுங்கள்.

ஜனவரியில் இங்கே சூரியன் உதிப்பது சுமார் 6.45. நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறும். உதயத்தின் பொன்னிறம் அரை மணி நேரம்கூட நிற்காது. வாசல் திறக்க நேரமாகி அது தவறிப் போனாலும் கவலை இல்லை. எட்டு மணிக்கும் சூரியன் பதினைந்து டிகிரி உயரத்தில்தான் இருக்கும், பக்கவெளிச்சம் ஒன்பது வரை தாராளமாகக் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது பள்ளத்தாக்குதான், உதயம் கிடைத்தால் கூடுதல் லாபம். மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் நாம் நிற்கிற மலையின் நிழலே அடிவாரத்தில் விழுந்து, மெல்லச் சுருங்கிக்கொண்டே வரும். அந்த நிழல் விளிம்பு நகர்வதைக் கவனித்துக்கொண்டே இருங்கள். பாதி நிழல், பாதி வெயில் என்று நிற்கிற அந்தச் சில நிமிடங்களில்தான் பள்ளம் எவ்வளவு கீழே இருக்கிறது என்பது படத்தில் தெரியும்.

இப்போது லென்ஸ். எண் சிறிதானால் அகலமாகக் காட்டும், பெரிதானால் தூரத்தைக் கிட்ட இழுக்கும். 10-18 வாங்காதீர்கள். வைடு லென்ஸ் கிட்ட இருப்பதைப் பெரிதாக்கி, தூரத்தில் இருப்பதை இன்னும் தள்ளிவிடும். 18-இலேயே ஆறு மறைந்துவிட்டது என்கிறீர்கள், 10-இல் தேடினாலும் கிடைக்காது. அந்தக் காசில் பாதிக்கு 55-250 எஸ்டிஎம் செகண்ட் ஹேண்டில் நல்லதாகக் கிடைக்கும். 100-க்கும் 200-க்கும் நடுவில் வைத்து, பள்ளத்தாக்கில் ஒரு பகுதியை மட்டும் பாருங்கள். மலைகள் ஒன்றின் பின் ஒன்றாக நெருங்கி வரும். முன்னால் இருப்பது கரும்பச்சை, அடுத்தது கொஞ்சம் வெளிறியது, அதற்குப் பின்னால் நீலம், கடைசியில் வானத்தோடு வானம். நம் கண் அந்த வரிசையைத்தான் தூரம் என்று புரிந்துகொள்கிறது. மங்கல் ஓரளவு இருப்பது நல்லது என்பதும் இதனால்தான். அதை முழுக்கத் துடைத்தெடுத்தால் தூரமும் கூடவே போய்விடும்.

போலரைசர் பற்றி. சூரியனுக்குச் சரியாகக் குறுக்கே, தொண்ணூறு டிகிரியில் பார்க்கும்போதுதான் அது முழு வேலை செய்யும். காலையில் சூரியன் கிழக்குப் பக்கம், நீங்கள் பார்ப்பது வடக்கு. தெங்குமரகடா பக்கம் திரும்பும்போது நன்றாகவே உதவும். இலையின் மினுமினுப்பைக் குறைத்துப் பச்சையை ஆழமாக்கும், நீல மங்கலையும் கொஞ்சம் வெட்டும். அதே ஃபில்டரோடு அணைப்பக்கம், சூரியன் இருக்கிற திசைக்குத் திரும்பினால் ஒரு பயனும் இல்லை, வெளிச்சம்தான் குறையும். கழற்றிவிடுங்கள். தூசி, புகை, பனிமூட்டம் எல்லாம் போலரைசருக்கு அடங்காது.

செட்டிங் எல்லாம் எளிதுதான். எல்லாமே தூரத்தில் இருப்பதால் அபெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 8 போதும். 16, 22 என்று போனால் இந்த அளவு சென்சாரில் படம் மழுங்கும். வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாமல் வெயில் குறியில் வையுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வரும். ரா ஃபைலாக, அதாவது கேமரா திருத்திச் சுருக்காத முழு விவரத்தோடு எடுங்கள். ஹிஸ்டோகிராமில் (திரையில் வெளிச்ச அளவைக் காட்டுகிற வரைபடம்) வலது ஓரம் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பனி மேல் வெயில் படும்போது வெள்ளை வெடித்துவிட்டால் திரும்ப எடுக்கவே முடியாது, இருட்டை அப்புறம் தூக்கிக்கொள்ளலாம். கையில் வைத்து எடுத்தால் 250-இல் ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே போக வேண்டாம், அங்கே காற்று பலமாக இருக்கும். கைப்பிடிக் கம்பி மேல் கேமராவை வைக்காதீர்கள். நாலு பேர் சாய்ந்து நிற்கும்போது அது நடுங்கிக்கொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ட்ரைபாடில் வைத்தால் லென்ஸின் நடுக்கம் குறைக்கிற ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள்.

பத்து மணிக்கு மேல் கீழே இருக்கிற முள்காடு சூடாகி, நடுவில் இருக்கிற காற்று அலைபாய ஆரம்பிக்கும். நீள லென்ஸில் ஃபோகஸ் சரியில்லாத மாதிரியே தெரியும். லென்ஸ் பழுது என்று நினைத்து மல்லுக்கட்ட வேண்டாம், மூட்டை கட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம். மாலை நாலு மணிக்குத் திரும்பி வந்தால், மேற்கே நீலகிரி உயரமாக இருப்பதால் பள்ளத்தின் தரையில் நிழல் சீக்கிரமே விழுந்துவிட்டாலும், எதிர்ச்சரிவில் வெயில் மிச்சம் இருக்கும். அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் முக்கியமான கேள்வி. ஆறும் வயலும் அணையும் ஒரே படத்தில் வருமா? வடக்கிலிருந்து கிழக்கு வரை தொண்ணூறு டிகிரி. ஒரு ஃபிரேமில் அடக்கினால் எல்லாம் இருக்கும், எதுவும் தெரியாது. என் யோசனை மூன்று படங்கள். ஒன்றில் மலைமடிப்புக்குள் நெளிந்து வருகிற மாயாறு, இரண்டாவதில் தெங்குமரகடாவின் பச்சை, மூன்றாவதில் நீர்த்தேக்கம். ஒரே அளவில் பிரிண்ட் போட்டு, தண்ணீர் போகிற திசையிலேயே இடமிருந்து வலமாக மாட்டுங்கள். அப்பாவுக்குப் பார்த்ததும் புரியும்.

பழைய ஃபிலிம்:

கட்டபெட்டு அண்ணன் சொன்ன வெளிச்சக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. அப்பா பார்க்க விரும்புவது தண்ணீரின் பாதை என்றால், அதை மூன்றாக வெட்டக் கூடாது. நீளமான ஒரே பனோரமாதான் சரி.

செய்வது சுலபம். கேமராவை நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடித்து, 50 எம்எம்-இல் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை மூன்றையும் மேனுவலில் பூட்டிவிடுங்கள். மேற்கு ஓரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு ஃபிரேமும் முந்தையதோடு மூன்றில் ஒரு பங்கு ஒட்டி வரும்படி கிழக்கு வரை எடுங்கள். போலரைசரை இதற்குப் போடவே கூடாது, வானம் ஓரிடத்தில் கருநீலமாகவும் ஓரிடத்தில் வெளுப்பாகவும் திட்டுத்திட்டாக வரும். வெளிச்சம் மாறுவதற்குள் மளமளவென்று முடித்துவிட வேண்டும். கணினியில் ஒட்டினால் சுவரை நிரப்புகிற அளவுக்கு விவரம் கிடைக்கும்.

இன்னொரு யோசனை. நீங்கள் போகிற நாளில் மங்கல் இருந்தால் கருப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். காற்று நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும், சிவப்பை அவ்வளவு சிதறடிக்காது. ஃபிலிம் காலத்தில் மலைக்குப் போனால் லென்ஸில் சிவப்பு ஃபில்டர் மாட்டியதற்கு அதுதான் காரணம். இப்போது ஃபில்டர்கூட வேண்டாம், மாற்றும்போது சிவப்புச் சானலின் பங்கைக் கூட்டி நீலத்தைக் குறைத்தால் போதும். நீலச்சாம்பலாகத் தட்டையாக இருந்த உங்கள் ஏப்ரல் படத்திலேயே முதலில் செய்து பாருங்கள். உச்சி வெயிலில் நிழல் கிடைக்காதது கிடைக்காததுதான், ஆனால் எதிர்மலையின் உருவம் வெளியே வரும்.

மாயாற்றங்கரை:

இந்தப் பேச்சைப் படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் மேலேயிருந்து பார்க்கிற அந்தப் பச்சைத் திட்டு என் அம்மா பிறந்த ஊர்.

சுற்றிலும் காய்ந்த காடு இருக்க, அங்கே மட்டும் சதுரம் சதுரமாகப் பச்சை இருப்பதற்குக் காரணம் உண்டு. 1948-இல் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் ஒன்று அமைத்து, காட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, திருத்தி உண்டாக்கிய வயல்கள் அவை. நெல், வாழை, மஞ்சள் எல்லாம் விளையும். பக்கத்தில் கல்லாம்பாளையம், அல்லிமாயாறு என்று சிற்றூர்களும் உண்டு. பவானிசாகரிலிருந்து காட்டுக்குள் பஸ்ஸில் வந்து ஆற்றங்கரையில் இறங்கி, பரிசலில் அக்கரை போக வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்தால் போக்குவரத்து நின்றுவிடும். உடம்புக்கு முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு கரையில் காத்திருந்த கதை ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது.

எங்கள் தாலுகா கோத்தகிரி. வயலில் நின்று நிமிர்ந்தால் தலைக்கு மேலே கோடநாட்டு மலை. ஆனால் ஒரு கையெழுத்து வாங்க ஆற்றைத் தாண்டி, பவானிசாகர் போய், மேட்டுப்பாளையம் வந்து, மறுபடி மலையேற வேண்டும். நீங்கள் அந்த இடத்தைப் படம் எடுக்கும்போது இதுவும் மனதில் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். கீழே இருப்பவர்களுக்கு அது காட்சி மட்டும் இல்லை.

படத்துக்கு உதவுகிற சில விஷயங்கள். நாற்று நட்ட புதிதில் வயலில் தண்ணீர் நிற்கும், மேலேயிருந்து பார்த்தால் அந்தச் சதுரங்கள் வானத்தைக் காட்டும். பயிர் வளர்ந்தபின் ஒரே பச்சை, அறுப்புக்கு முன் மஞ்சள். எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, பவானிசாகர் பக்கம் யாரிடமாவது விசாரித்துவிட்டு வாருங்கள். காலையில் அடுப்புப் புகை வீடுகளுக்கு மேலே தட்டையாகப் படர்ந்து நிற்கும், ஏழரை மணிக்குள் நீள லென்ஸில் பார்த்தால் ஊர் எது வயல் எது என்று பிரித்துக் காட்டுவது அந்தப் புகைதான்.

ஆற்றைப் பற்றி உங்கள் அப்பாவிடம் சொல்வதற்கும் ஒன்று இருக்கிறது. அணைக்கு வருகிற ஆறு இரண்டு. பவானி மேட்டுப்பாளையம் வழியாக மலைக்கு மறுபக்கம் வருகிறது, உங்கள் படத்தில் அது வராது. நீங்கள் பார்ப்பது மாயாறு. பைக்காராவில் பிறந்து, சிங்காரா, மாயாறு மின்நிலையங்களில் டர்பைனைச் சுற்றிவிட்டு, இந்தப் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, கடைசியில் நீர்த்தேக்கத்தில் சேர்கிற தண்ணீர் அது. 105 அடி கொள்ளளவு உள்ள அந்த அணையிலிருந்துதான் உங்கள் வாய்க்காலுக்கு வருகிறது. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாயும் பாசனம். எங்கள் அம்மா துணி துவைத்த தண்ணீர்தான் உங்கள் வயலுக்கும் வந்திருக்கிறது.

பெரிய பறவைகள் உங்கள் காலுக்குக் கீழே வட்டமிட்டால் உற்றுப் பாருங்கள். பாறுக் கழுகாக, அதாவது பிணந்தின்னிக் கழுகாக இருக்கலாம். தென்னிந்தியாவில் அவை அதிகம் மிஞ்சியிருக்கிற இடங்களில் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் ஒன்று. மேலேயிருந்து அதன் முதுகையும் விரித்த இறக்கையையும் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். கூடு இருக்கிற பாறை தெரிந்தால் அந்தப் படத்தை எங்கேயும் போடாதீர்கள். ட்ரோன் கொண்டுவரவே வேண்டாம். கீழே இருப்பது புலிகள் காப்பகக் காடு, அனுமதியும் கிடையாது, பறவைக்கும் ஆபத்து.

கொடிவேரி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாயாற்றங்கரை எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பைக்காராவிலிருந்து வருகிற கதையை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பாறுக் கழுகு அவர் சின்ன வயதில் எங்கள் ஊரிலேயே மாட்டுத் தொழுவத்துப் பக்கம் இறங்கும் என்றார்.

55-250 ஒன்று ஈரோட்டிலேயே பார்த்து வைத்திருக்கிறேன். இன்னும் மூன்று சந்தேகங்கள். பிரிண்ட் எவ்வளவு பெரிதாகப் போடலாம்? மங்கலைக் குறைக்க டீஹேஸ் என்று மென்பொருளில் இருப்பதைப் பயன்படுத்தலாமா? தம்பி ஃபோனில்தான் எடுப்பான், அவனுக்கு என்ன சொல்வது?

கட்டபெட்டு:

உங்கள் கேமராவில் ஒரு படம் 6000-க்கு 4000 பிக்சல். 30-க்கு 20 அங்குலம் போட்டால் அங்குலத்துக்கு 200 பிக்சல் வரும், கூடத்தில் ஆறடி தள்ளி நின்று பார்க்க அது தாராளம். மூன்று படம் என்றால் 18-க்கு 12 போதும். பழைய ஃபிலிம் சொன்ன பனோரமா என்றால் ஐந்தடி நீளம்கூடப் போகலாம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, தண்ணீர் அறுபடாமல் தெரியும். ஆனால் ஐந்தடி நீளப் படத்தில் தெங்குமரகடா ஒரு உள்ளங்கை அளவுகூட இருக்காது. மாயாற்றங்கரை இவ்வளவு சொன்னபிறகு அந்த ஊரைத் தனியாக ஒரு படமாகப் பார்க்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் எடுங்கள், வீட்டில் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

டீஹேஸைப் படம் முழுக்க இழுக்காதீர்கள். வானம் அழுக்கு நீலமாகும், தூரத்து மலைக்குக் கருப்பு விளிம்பு வரும். படத்தின் கீழ்ப்பாதி, அதாவது அடிவாரம், ஆறு, வயல் இருக்கிற பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு 15, 20 அளவுக்குக் கொடுங்கள். கடைசி இரண்டு மலைவரிசையைத் தொடவே வேண்டாம், அவை வெளிறி இருக்கட்டும்.

தம்பியிடம் ஃபோனில் 0.5 என்று இருக்கிற வைடு லென்ஸை மறந்துவிடச் சொல்லுங்கள். ஃபோனில் 2 அல்லது 3 மடங்கு தனி லென்ஸ் இருந்தால் அதில் எடுக்கட்டும். திரையில் வெளிச்சமான இடத்தை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, விரலால் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். எச்டிஆரை அணைக்க முடிந்தால் அணைக்கட்டும். நிழலையெல்லாம் அதுவே தூக்கிவிட்டுத் தட்டையாக்கிவிடும், நாம் பாடுபட்டுக் காத்திருப்பதே அந்த நிழலுக்குத்தான். முதலில் லென்ஸைத் துணியால் துடைக்க வேண்டும், பனியில் ஈரம் படிந்திருக்கும்.

உங்கள் கேமராவுக்கும் அது உண்டு. காருக்குள் கதகதப்பாக வைத்திருந்துவிட்டு வெளியே எடுத்தால் பிரச்சினை இல்லை, குளிரிலிருந்து அறைக்குள் கொண்டுபோகும்போதுதான் உள்ளே வரை வியர்க்கும். திரும்பியதும் பையை மூடியே கொஞ்ச நேரம் வையுங்கள். குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், இன்னொன்றைச் சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

அப்பாவுக்கு: காவல் கோபுரத்தில் ஏற வேண்டிய அவசியமே இல்லை. கீழே கம்பி ஓரத்திலேயே எல்லாம் தெரியும், கோபுரத்தில் ஏறினால் கூட்டம்தான் அதிகம். ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவாருங்கள். ஸ்வெட்டரும் காதுக்குத் துணியும் அவருக்குக் கட்டாயம், மலைவிளிம்பில் காற்று ஊசியாகக் குத்தும். அவர் கம்பியருகே நிற்பதைப் பின்னாலிருந்து, பள்ளத்தாக்கும் சேர 35 எம்எம் வாக்கில் ஒன்று எடுங்கள். ஆள் ஒருவர் படத்தில் இருக்கும்போதுதான் மலையின் அளவு தெரியும்.

நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து கட்டாயம். முந்தின நாளே வலைத்தளத்தில் எடுத்துவிடுங்கள், பர்லியாறு வழியாக வந்தாலும் கோத்தகிரி ரோட்டில் வந்தாலும் கேட்பார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இங்கே தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள்.

பிரிண்டுக்குப் பளபளப்பில்லாத மேட் பேப்பர் சொல்லுங்கள், முன்னால் கண்ணாடி வேண்டாம். ஜன்னலுக்கு நேரெதிர்ச் சுவர் என்றால் பகலெல்லாம் ஜன்னல்தான் அதில் தெரியும், பக்கச் சுவரில் மாட்டுங்கள். பிரிண்ட் போடுவதற்கு முன் கணினித் திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து ஒரு தரம் பாருங்கள். அதில் ஆறு தெரிந்தால் தாளிலும் தெரியும்.